ஓடுகிற செயினில் கை

வெயிலுமுத்துவுக்குச் சைக்கிள் என்றால் பயம் என்று அறுபத்து நாலாம் வருஷம் யாராவது சொல்லியிருந்தால் தாராவியே சிரித்திருக்கும். ஆளுயரத் தோல் கட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு, லாரிக்கும் லாரிக்கும் நடுவே முழங்கை உரசாமல் நுழைந்து போகிற ஆள் அவன். செம்பூர் பெயிண்ட் பாக்டரியில் டெம்பரரியாகச் சேர்ந்த பிறகும் தினமும் மிதித்துத்தான் வேலைக்குப் போனான். சயானில் பஸ் ஏறினவன் செம்பூர் நாக்கா சந்திப்பில் இறங்கும்போது இவன் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பான். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு சைக்கிளைத் தொடவே கை வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அது சீமைச் சைக்கிள். பாக்டரியில் விளையாட்டுக் காரியங்களைக் கவனித்த சோராப்ஜி சாப், பூனா சைக்கிள் பந்தயத்துக்குக் கம்பெனி பெயரில் ஆள் அனுப்பியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்று, கப்பலில் ஆறு சைக்கிள் வரவழைத்திருந்தார். ஆறுக்கும் ஆறு டெம்பரரி ஆட்கள். தசரா லீவு அன்று காலை ஒரு சோதனை ஓட்டம். முதல் மூன்று பேர் டீமில் சேர்வார்கள். டீமில் சேர்ந்தவன் அன்றிலிருந்து பர்மனெண்ட். மற்ற மூன்று பேருக்குத் தீபாவளியோடு வேலை முடிந்தது. மூன்று வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு சைக்கிளும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு காகிதமும் கொடுத்தார் சாப். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் காகிதத்தை வாசிக்க அவர்களில் ஒருத்தனுக்காவது தெரியுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்தால் வெயிலுமுத்து போகவேண்டிய இடம் எது என்பதில் சந்தேகமே கிடையாது. தாராவியில் அவன் முன்பு வேலை பார்த்த, தோல் பதனிடுகிற ஷாப்பு. அங்கே தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய மர டிரம்முக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் அண்ணன் தங்கசாமியின் வலது கையில் மூன்று விரலைத் தின்றது அந்த டிரம்தான்.

வேகம் மாற்ற, டிரம்மை நிறுத்தாமல், ஓடுகிற பெல்ட்டை ஒரு சக்கரத்திலிருந்து பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டையால் தள்ளுவார்கள். ஆயிரம் தடவை தள்ளிய அண்ணனுக்கு ஆயிரத்தோராவது தடவை கட்டை நழுவிக் கை உள்ளே போய்விட்டது. பக்கத்தில் தோல் சுமந்து நின்ற வெயிலுமுத்து கண்ணால் பார்த்தான். அன்றைக்கு அவன் மனதில் ஒரு சட்டம் விழுந்தது. ஓடுகிற எதையும் தொடக் கூடாது. நிறுத்து, அப்புறம் கை வை.

இந்தச் சைக்கிளோ நேர் எதிர். பின்சக்கரத்தின் நடுவில் சின்னதும் பெரிதுமாக ஐந்து பல்சக்கரம்; சுருக்கமாகப் பல் என்பார்கள். அவற்றுக்குக் கீழே செயினை இங்கும் அங்கும் தள்ளிவிட ஒரு குட்டி இரும்புக் கை. அதை ஆட்டிவைக்கிற லீவரோ, ஹேண்டில்பாரில் இல்லாமல், இரண்டு முழங்காலுக்கும் நடுவில், சாய்ந்து இறங்கும் குழாயில் கிடந்தது. கையை எடுத்துக் குனிந்து, கீழே விட்டு, பக்கத்திலேயே செயின் சுற்றிக்கொண்டிருக்க, அதை இழுக்க வேண்டும்.

முதல் நாள் சயான் சரிவில் ஏறும்போது, மற்றவர்கள் சொன்னார்களே, கியர் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தான். பழகின புத்தி எங்கே போகும்? முதலில் மிதிப்பதை நிறுத்தினான். அப்புறம் லீவரை இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இழுத்தான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சரி போகட்டும் என்று ஓங்கி ஒரு மிதி மிதித்தான் பாருங்கள், கடகடவென்று ஒரு சத்தம்; செயின் பெரிய பல்லையும் தாண்டிக் குதித்துச் சக்கரத்துக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. சக்கரம் அப்படியே பூட்டியது. ஆள் ரோட்டில். பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு அவன் தலைக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வந்து மராட்டியில் அவன் பரம்பரையையே இழுத்தார். வெயிலுமுத்து கம்பிக்குள் நசுங்கிக் கிடந்த செயினைப் பார்த்தான். அந்த இடத்தில் அண்ணனின் விரல்கள் தெரிந்தன. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வரை நடந்தே வந்தான்.

அடுத்த வாசலில் குடியிருந்த தங்கசாமி விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"ஏல, நின்னதுக்கு அப்புறம் மாத்த முடியாதா?"

"முடியாதுண்ணே. ஓடயிலதான் மாறுமாம்."

"அப்பம் அந்தச் சனியனக் கொண்டுபோய்க் குடுத்துரு."

"குடுத்துட்டு? டிரம்முக்குப் போவட்டா?"

தங்கசாமி இரண்டு விரல் கையை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான். பேச்சு சரிப்படாதபோது அவன் எப்போதும் அப்படித்தான் செய்வான்.

காகிதத்தை வாசித்தவள் தங்கமயில்தான். வெயிலுமுத்துவின் பெண்டாட்டி, மாட்டுங்காவில் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, அரைமணி நேரம் மல்லுக்கட்டி, ஒரு பக்கத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தாள். மறுபக்கம் வேறு ஏதோ பாஷையில் இருந்தது.

"இங்கேருங்க, மிதிச்சுக்கிட்டேதான் மாத்தணுமாம். மெதுவா மிதிச்சு, ஒத்த விரலால தள்ளுனா போதுமாம். நிறுத்திட்டு மாத்துனா பல்லு ஒடிஞ்சிரும்னு போட்டிருக்கான்."

"யாரு பல்லு?"

"சைக்கிள் பல்லுதான். ஒங்க பல்லப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லல," என்று சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் சந்தில் கூரைக் கட்டையில் கயிறு போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் சைக்கிளைத் தொங்கவிட்டார்கள். தங்கமயில் குத்த வைத்து உட்கார்ந்து கையால் பெடலைச் சுற்றினாள். சக்கரம் விர்ரென்று சுழன்றது. அவன் லீவர் பக்கம் நின்றான். சும்மா நின்றான். கை போகவே இல்லை.

"இழுங்க! எனக்குக் கை வலிக்குது."

"நீ மொதல்ல ஒங்கையத் தூர எடு. செயின் கிட்டப் போவாத."

"என் கை பெடல்ல இருக்கு. ஒங்க கைதான் காத்துல நிக்கிது. என்ன மனுஷன் நீங்க!"

கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விரலால் தொட்டான். டிக் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் செயின் பக்கத்துப் பல்லில் ஓடிக்கொண்டிருந்தது. அட! இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் தள்ளினான். மூன்றாவது பல். நான்காவது. ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரிய பல்லுக்குப் போனபோது செயின் அதில் நிற்காமல் கம்பிப் பக்கம் சாய்ந்தது. ஐயோ என்று தங்கமயிலின் கையைத் தட்டிவிட்டான். அவள் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அந்த இரும்புக் கையின் முதுகில் இரண்டு குட்டித் திருகாணி இருக்கிறது, ஒன்று செயின் வெளியே போகாமல் தடுக்க, மற்றது உள்ளே கம்பிக்குள் விழாமல் தடுக்க என்று போட்டிருந்தது. உள்பக்கத்துத் திருகாணியைத் திருப்புளியால் கால் திருப்பு முறுக்கினான். அவள் சுற்றினாள். இன்னும் சாய்ந்தது. மேலும் கால் திருப்பு. இந்தத் தடவை செயின் பெரிய பல்லில் ஏறி, கம்பிக்கு ஒரு விரல் தூரத்தில் அடக்கமாக ஓடியது. லீவரை எவ்வளவு அமுக்கினாலும் அதைத் தாண்டவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கசாமி சந்துக்குள் வந்தான். சுற்றுகிற செயினையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தங்கமயிலையும் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"ஏ பிள்ள, கைய எடு!" என்று போட்ட சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணுமில்ல அத்தான், இது சும்மா..."

"எனக்கும் அன்னைக்கு ஒண்ணுமில்லன்னுதான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டான். அதன் பிறகு அந்தச் சைக்கிள் நின்ற பக்கமே அவன் எட்டிப்பார்க்கவில்லை.

இரண்டு வாரம் விடிந்தும் விடியாத நேரத்தில் வெயிலுமுத்து ரோட்டில் பழகினான். பயம் போயிற்றா என்றால் போகவில்லை. ஆனால் விரல் தன் வேலையைக் கற்றுக்கொண்டது. தொடுவான், டிக் என்று விழும், சுடுசட்டியைத் தொட்டவன் போலக் கையை மேலே இழுத்துக்கொள்வான். கை கீழே இருக்கிற நேரத்தை அரை நொடிக்குக் கொண்டுவந்துவிட்டான். அந்த அரை நொடியைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

இப்படியாக ஆயுத பூஜையும் வந்தது. தசராவுக்கு முந்தின நாள். வெயிலுமுத்துவுக்கு இருந்த பயத்துக்கு அந்த வருஷம் பூஜை கொஞ்சம் பலமாகவே நடந்தது. விடிகாலையிலேயே சைக்கிளைத் துடைத்து, எண்ணெய்க் குப்பியை எடுத்து, அசைகிற இடம் எதையும் பாக்கி வைக்காமல் எண்ணெய் விட்டான். செயினுக்கு, பெடலுக்கு, பிரேக்குக்கு, இரும்புக் கையின் மூட்டுக்கு. லீவர் மூன்று வாரமாகவே கொஞ்சம் கனமாக இருந்தது. அதன் அடியிலும் நாலு சொட்டு விட்டான். ஊர்க்காரன் எவனும் பூஜைக்கு முன்னால் செய்கிற காரியம்தான் இது. அப்புறம் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாருக்கு ஒரு முழம் செவ்வந்தி. திருப்புளியையும் ஸ்பானரையும் எண்ணெய்க் குப்பியையும் சைக்கிளின் காலடியில் வரிசையாக வைத்துக் கும்பிட்டான். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. எனவே ஏறி ஒரு சுற்றுப் போய்ப் பார்க்க வழியில்லை. பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

"சாமி, வெரலக் காப்பாத்து," என்று மட்டும் வேண்டிக்கொண்டான். வேலையைக் கேட்க மறந்துவிட்டான்.

மறுநாள் காலை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, செம்பூருக்கு ஒரே கியரில் மிதித்துப் போய்ச் சேர்ந்தான். பாக்டரி கேட்டில் மற்ற ஐந்து பேரும் நின்றார்கள். டின் அடுக்குகிற பகுதியில் அவனோடு வேலை செய்த சேசுராஜ் சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் தன் டவுசரில் துடைத்துக்கொண்டான்.

"என்னல, வண்டிய எண்ணெய்ச் சட்டியில முக்கி எடுத்துட்டியா?"

"நேத்து பூசைல்லா."

"நமக்கு அதெல்லாம் இல்லப்பா. துணியால தொடச்சதோட சரி. மாதா எண்ணெய் கேக்கல," என்று சிரித்தான் சேசுராஜ்.

ஓட்டம் இதுதான். பாக்டரி கேட்டிலிருந்து சயான் வரை போய்த் திரும்பி, பாக்டரிக்குப் பின்னால் இருக்கிற குன்றில் ஏற வேண்டும். குன்றின் உச்சியில் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி. அதற்காகப் போட்ட ஒற்றை ரோடு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் தடுப்புச் சுவர் கிடையாது; வெள்ளையடித்த கற்கள் மட்டும். அதற்கு அப்பால் கீழே உப்பளமும் சேறும்தான். தொட்டியடியில் சோராப்ஜி சாப் கடிகாரத்தோடு நிற்பார்.

சமதரையில் வெயிலுமுத்து பிரமாதமாகப் போனான். லீவர் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. எண்ணெய் விட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்று தன்னையே மெச்சிக்கொண்டான், பாவம். சயானில் திரும்பும்போது இரண்டாவது ஆள் அவன்தான். குன்றின் அடிவாரத்தில் கை கீழே இறங்கியது, டிக் டிக் என்று செயின் பெரிய பல்லில் ஏறியது, கை மேலே வந்துவிட்டது. கால் லேசாயிற்று. முன்னால் சேசுராஜின் முதுகு. எட்டிப் பிடித்துவிடலாம் போலிருந்தது.

முதல் வளைவு தாண்டியதும் தொடை திடீரென்று கனத்தது. டிக் என்று ஒரு சத்தம். இவன் தொடவே இல்லை! குனிந்து பார்த்தான். லீவர் தானாக ஊர்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. டிக், மறுபடியும். செயின் ஒவ்வொரு பல்லாக இறங்கிச் சின்னப் பல்லில் போய் நின்றது. பெடல் பாறையாகிவிட்டது. முன்சக்கரம் தள்ளாடிக்கொண்டு வெள்ளைக் கல் பக்கம் சாய்ந்தது. கீழே சேறு பளபளத்தது.

லீவரை இழுத்தான், செயின் ஏறியது. கையை எடுத்தான், இறங்கிவிட்டது. மறுபடி இழுத்தான், மறுபடி இறங்கிவிட்டது. விரல் நுனியெல்லாம் எண்ணெய். அப்போதுதான் புரிந்தது. இரும்புக் கையின் ஸ்பிரிங் இழுக்கிற இழுப்புக்கு இந்த லீவரைப் பிடித்து நிறுத்துவதே அதன் இறுக்கம்தான். அந்த இறுக்கத்துக்கு எண்ணெய் விட்டுச் சந்தனப் பொட்டும் வைத்துக் கும்பிட்டிருக்கிறான்! "அட பாவி, வெயிலு," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். இரண்டு பேர் அவனைத் தாண்டினார்கள். இரண்டாவதாகத் தாண்டியவன் பூதத்தான். கேட்டில் லாரிக்குச் சீட்டுக் கிழிக்கிறவன். இவன் இப்போது நான்காவது ஆள்.

வழி ஒன்றுதான் இருந்தது. லீவரை இழுத்துப் பிடித்த கையை எடுக்காமலே ஏற வேண்டும். அரை நொடி இல்லை, உச்சி வரை. முழங்காலுக்கு நடுவில், பெடலோடு சுற்றுகிற பல்சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே, எண்ணெய் வழுக்குகிற இரும்பில். வழுக்கினால் விரல் எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவன் ஆயிற்றே.

இறங்கிவிடலாமா என்று நினைத்தான். சத்தியமாக நினைத்தான். இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டால் பயம் இந்த நிமிஷமே போய்விடும். தீபாவளி கழிந்து டிரம்மின் முன்னால் கட்டையோடு நிற்கும்போது அது திரும்பி வரும். பிறகு தினமும் வரும்.

கை கீழே போயிற்று. லீவரை இழுத்து, உள்ளங்கையால் அழுத்தி, ஐந்து விரலையும் குழாயோடு சேர்த்து இறுக்கிக்கொண்டான். செயின் பெரிய பல்லில் ஏறி நின்றது. ஒற்றைக் கையில் ஹேண்டில்பார் இங்கும் அங்கும் ஆடியது. வளைவுகளில் வெள்ளைக் கல்லை உரசுகிற மாதிரி போனான். ஒவ்வொரு மிதிக்கும் செயின் கரகரவென்று கையடியில் ஓடுவது எலும்புக்குள் கேட்டது. "நிறுத்து, அப்புறம் கை வை" என்று மண்டைக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டே இருந்தது. "நிறுத்த முடியாதுலே, நிறுத்த முடியாதுலே" என்று உரக்கவே சொல்லிக்கொண்டு மிதித்தான். வழியில் நின்ற கம்பெனி வாட்ச்மேன் இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்.

கடைசி வளைவில் பூதத்தான் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தான். கால் ஓய்ந்துபோய்ச் சைக்கிள் பாம்பாக நெளிந்தது. வெயிலுமுத்து அவனைப் பார்க்கவில்லை. தொட்டியைக்கூடப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "தீன்! தீன் நம்பர்!" என்று சோராப்ஜி சாப் கத்தினது காதில் விழுந்த பிறகுதான் கால் நின்றது. ஒரு சக்கர நீளத்தில் மூன்றாவது ஆள் ஆகியிருந்தான். பின்னால் பூதத்தான் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனைப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை.

"ஷாபாஷ், முத்து! உத்ரோ, உத்ரோ," என்று சாப் முதுகில் தட்டினார். இறங்கத்தான் வெயிலுமுத்துவும் பார்த்தான். முடியவில்லை. வலது கை லீவரை விடமாட்டேன் என்றது. விரல்கள் விறைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டன. மனதால் சொல்கிறான், விரல் கேட்கவில்லை. சாப் குனிந்து பார்த்தார். எண்ணெயையும் சந்தனத்தையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். லீவரின் நடுவில் காது வைத்த ஒரு சின்ன நட்டு இருக்கிறது, அதைக் கையாலேயே அரைத் திருப்பு முறுக்கினால் இறுகிவிடும், இதுகூடத் தெரியாதா என்று இந்தியில் கேட்டார். அந்த நட்டு இவ்வளவு நேரமும் வெயிலுமுத்துவின் உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அப்போது தொட்டியின் நிழலிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தான். தங்கசாமி. சைக்கிளைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று இருந்தவன், யாரிடமும் சொல்லாமல் விடிகாலையிலேயே குன்றேறி வந்து உட்கார்ந்திருக்கிறான். முகம் வெளிறிக் கிடந்தது. கடைசி வளைவிலிருந்து தம்பியின் கை எங்கே இருந்தது என்பதை அவனும் பார்த்திருந்தான்.

"வழிய விடுங்க சாப்," என்று தமிழிலேயே சொன்னான். சைக்கிளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டான். வேட்டிக்குள் ஒளித்து வைக்கிற அந்தக் கையை எல்லோருக்கும் முன்னால் வெளியே எடுத்தான். இருந்த இரண்டு விரலாலும் தம்பியின் சுண்டுவிரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினான்.

"ஒண்ணு," என்றான். அடுத்த விரலை நிமிர்த்தினான். "ரெண்டு."

மூன்றாவதை நிமிர்த்திவிட்டு ஒரு தடவை தடவிப் பார்த்தான். நான்கை முணுமுணுத்தான். கட்டைவிரல் கடைசியாகக் கழன்று வந்ததும் லீவர் படக்கென்று முன்னால் போயிற்று.

"அஞ்சும் இருக்குலே," என்றான் தங்கசாமி.

வெயிலுமுத்து இறங்கி நின்றான். சாப் மூவரையும் வரிசையில் நிற்கச் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணன் தம்பியின் கையை இன்னும் விடவில்லை.